ரூலோஃப் வீட்டுச் சாவி

“டப்பாவைத் திற, லம்மி. அந்தப் பொண்ணு இன்னொண்ணு எடுத்துக்கட்டும்.”

“ஒரு கோப்பைக்கு ஒரு பிஸ்கட். இந்தத் தெருவுல அதுதான் வழக்கம்.”

“என் பிறந்தநாள், என் வீடு, என் விருந்தாளி. உனக்கு என்ன வந்துச்சு?”

“சுட்டது என் அடுப்புல.”

“அப்ப உன் அடுப்பைத் தூக்கிக்கிட்டு உன் வீட்டுக்குப் போ.”

இந்த வயதில் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். எதிரே சண்டை போட்டவர் ரூலோஃப். எனக்கும் அவருக்கும் ஒரே கூரை, நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் என் அடுப்படி, அந்தப் பக்கம் அவர் மாடிப்படி. சுற்றிலும் நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டு, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு எல்டர்வேன் கிராமத்தின் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கரண்டியால் காப்பியைக் கலக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். சர்க்கரை போடாதவர்களும் கலக்கினார்கள்.

நீங்கள் சைக்கிள் திருட்டைப் பற்றிக் கேட்க வந்தீர்கள், தெரியும். சைக்கிளை எடுத்தது சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுப் பையன். அது ஊருக்கே தெரியும், உங்களிடம் சொல்லாதது நீங்கள் ஸ்வொல்லாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் என்பதால்தான். அந்த விஷயம் முடிந்தது. உட்காருங்கள். இந்த ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அதை நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எல்லோருடைய கதையையும் சொல்லி முடித்துவிட்டேன். சொல்லாமல் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. நான்கு வருஷம் அடக்கி வைத்ததே எனக்குப் பெரிய சாதனை.

அன்றைக்கு இன்னொரு பிஸ்கட்டுக்குக் கை நீட்டியவள் மாரிட். உட்ரெக்டிலிருந்து வந்திருந்தாள். ஆறு மாத வயிறு. பக்கத்தில் அவள் கணவன் சான்டர், காலில் வெள்ளைச் செருப்பு. எங்கள் ஊர்ச் சேற்றில் வெள்ளைச் செருப்போடு வருகிறவனைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. யாரோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்திருந்தேன். மூடியை நான் விடாமல் பிடித்திருந்தபோதுதான் ரூலோஃப் சபையில் போட்டு உடைத்தார்.

“இவங்க ரெண்டு பேரும்தான் இந்த வீட்டை வாங்கப் போறாங்க. வியாழக்கிழமை தரகர் ஆபீஸ்ல கையெழுத்து. நான் ஆசன் டவுன்ல முதியோர் இல்லத்துக்குப் போறேன். இனி இவங்கதான் உனக்குப் பக்கத்து வீடு, லம்மி. அதனால டப்பாவைத் திற.”

திறந்தேன். மாரிட் ஒன்றை எடுத்துக்கொண்டு, “ரொம்ப நல்லாயிருக்கு, எப்படிச் செஞ்சீங்க?” என்றாள். வெண்ணெயில் என்றேன்.

எனக்கு என்ன வந்தது என்று ரூலோஃப் கேட்டாரே, அதைச் சொல்கிறேன். அந்த வீடு என் மகள் ஹெர்மாவுக்கு என்று நான் முடிவு செய்திருந்தேன். ஹெர்மா க்ரோனிங்கனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒரே பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் அரை மணி நேரம் அந்த வீட்டைப் பற்றியே பேசியபோது, “சரிம்மா, விலைக்கு வந்தா யோசிக்கலாம்” என்று சொன்னாள். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி உடனே வைத்துவிட்டாள். யோசிக்கலாம் என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, தோட்டத்தில் ஊஞ்சல் கட்டி, இன்னும் பிறக்காத பேரனுக்குத் தடுப்பூசி வரை போட்டுவிட்டேன். ரூலோஃப் இல்லாத நேரத்தில் உள்ளே போய் ஜன்னலை அளந்து துணியும் எடுத்து வைத்திருந்தேன். துணி இன்னும் மாடியில் இருக்கிறது. பூச்சி அரித்துவிட்டது.

ரூலோஃபும் ஒருமுறை வாக்குக் கொடுத்திருந்தார். அவர் மனைவி இறந்த வருஷம். “உன்கிட்ட சொல்லாம யாருக்கும் விக்க மாட்டேன், லம்மி” என்றார். சொல்லித்தான் விற்றார், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஊர் முழுவதும் காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

அவரிடம் நான் சாவி வாங்கியதும் அந்த வருஷம்தான். எங்கள் பக்கத்தில் சுவரை ஒட்டிய முதல் பக்கத்து வீடு என்றால் சொந்தத்துக்கும் மேலே. குழந்தை பிறந்தால் திராட்சை ரொட்டி சுட்டுத் தூக்கிக்கொண்டு போவது நாங்கள். கல்யாணத்துக்கு வாசலில் பச்சை வளைவு கட்டுவது நாங்கள். செத்தால் குளிப்பாட்டி உடுத்துவது, வீடு வீடாகப் போய்ச் சொல்வது, பெட்டியைத் தூக்குவது எல்லாம் நாங்கள்தான். சொந்தக்காரர்கள் வந்து அழுதால் போதும். தனியாக இருப்பவர் என்றால் இன்னொன்றும் உண்டு. காலையில் எழுந்ததும் முன்ஜன்னல் திரையை அவர் விலக்க வேண்டும். விலக்கினால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். பத்து மணிக் காப்பிக்குள் திரை விலகவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரி சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. யாரும் மறந்ததும் இல்லை.

நானும் மறக்கவில்லை. அது முக்கியம்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்களும் செவ்வாயும் நான் சும்மா இருக்கவில்லை. வேலி ஓரமாக நின்று ரூலோஃபிடம் நியாயமாகப் பேசிப் பார்த்தேன்.

“அவங்களுக்குச் சாக்கடைக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. இலையுதிர் காலத்துல வாய்க்கால் தூர் வாரலேன்னா உங்க தோட்டம் என் தோட்டத்துக்கு நீந்தி வரும்.”

“சொல்லிக் குடு. கத்துப்பாங்க.”

“ஹெர்மாவுக்குன்னு நெனச்சிருந்தேன்.”

“ஹெர்மா எங்கிட்டயே சொல்லிட்டா, லம்மி. வேணாம்னு.”

“எப்ப?”

“ஈஸ்டருக்கு வந்தப்ப. அம்மாவுக்குப் பக்கத்து வீடுன்னா பூட்டு மாத்தினாலும் பிரயோஜனம் இல்லை மாமான்னு சொன்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம். நீ தப்பா எடுத்துக்காதே, பொண்ணு தமாஷ் பண்ணினா.”

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தமாஷ்தான். ரூலோஃபுக்கு நகைச்சுவையைச் சரியாகத் திருப்பிச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். என் மகள் எந்தக் குரலில் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? தவிர, வீட்டு விஷயத்தில் எங்கள் நாட்டில் வாய்ப்பேச்சு செல்லாது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும் வரை எதுவும் நடக்கலாம். அதைத் தரகரே சொல்லுவார். வாரிசு என்று ரூலோஃபுக்குக் கனடாவில் ஒரு தம்பி மகன் மட்டும்தான். இவ்வளவு தூரத்திலிருந்து வந்து அவன் என்ன செய்வான்? சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரியிடம் விற்றுவிட்டுப் போவான். இப்படி நான் நினைத்தது செவ்வாய்க்கிழமை, பாத்திரம் கழுவும்போது. வெறும் நினைப்பு. யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

புதன்கிழமை காலை திரை விலகவில்லை.

என் கணவர் யான்டினஸ் விடிந்ததும் ஆடுகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். நான் வழக்கம்போல வாசலைப் பெருக்கப் போனேன். வாசல் ஒன்றும் அழுக்காக இல்லை. பெருக்கினால்தான் நாலு வீட்டு ஜன்னலையும் ஒரு பார்வை பார்க்க முடியும். ரூலோஃபின் திரை மூடியிருந்தது. மூட்டை கட்டிக் களைத்துத் தூங்குகிறார் என்று நினைத்தேன். ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். திரும்பவும் பெருக்கினேன். திரை மூடியிருந்தது.

அடுப்படிக்கு வந்தபோது சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

கீழேயிருந்து, படிக்கட்டின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. நிதானமாக, விட்டு விட்டு. பக்கத்து வீட்டில் ஒருவர் சுவரில் ஆணி அடித்தால் எப்படி இருக்கும், கதவு ஆடினால் எப்படி இருக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். இவ்வளவு வருஷம் அந்தச் சுவரில் காது வைத்திருக்கிறேன். இது விரல் முட்டி. தரையில் கிடக்கும் ஒருவரின் விரல் முட்டி.

சாவி அலமாரிக் கொக்கியில் தொங்கியது. பத்து மணியாகட்டும் என்று நினைத்தேன். வழக்கம் என்றால் வழக்கம். காப்பிக்கு முன்னால் போனால் மூக்கை நுழைக்கிறாள் என்று சொல்வார்கள். எனக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் உண்டு. கெட்டிலை வைத்தேன். அது விசிலடித்தபோது தட்டுவது கொஞ்சம் வேகமானது. அவருக்கும் என் காப்பி நேரம் தெரியும் அல்லவா? பத்து மணிக்குக் காப்பியை ஊற்றி, உட்கார்ந்து குடித்தேன். ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன். பிறகு வானொலியைப் போட்டேன். சத்தமாக இல்லை, அளவாகத்தான்.

நான் அவரைத் தள்ளவில்லை. அதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் அந்தக் காலையில் செய்தது, ஒரு பெண் தன் வீட்டில் இருந்துகொண்டு தன் வேலையைப் பார்த்தது. ஊரே எனக்கு வருஷக்கணக்கில் சொன்ன புத்தி அதுதான்: உன் வேலையைப் பார், லம்மி. கேட்ட ஒரே நாள் அதுதான்.

மதியம் மாரிட் வந்தாள். தொட்டிலுக்கு இடம் அளக்க வேண்டும் என்று ரூலோஃபிடம் சொல்லி வைத்திருந்தாளாம். மணி அடித்துப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கக் கதவுக்கு வந்தாள்.

“கதவைத் திறக்க மாட்டேங்கறார். வெளியே போயிருக்காரா?”

அவளை உள்ளே கூப்பிட்டு அடுப்படியில் உட்கார வைத்தேன். பால் ஊற்றிக் கொடுத்தேன். டப்பாவை மூடாமலே வைத்தேன், வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

“உள்ளேதான் இருக்கார்,” என்றேன். “எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. மனசு மாறிட்டார். உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.”

“நேத்து சாயங்காலம் கூட ஃபோன்ல நல்லாப் பேசினாரே.”

“நல்லாத்தான் பேசுவார். எங்க ஊர்க்காரங்க அப்படித்தான். வேணாம்னு வாயால சொல்ல மாட்டாங்க.”

அப்போது சுவர் தட்டப்பட்டது. எங்கள் குரல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“அது என்ன சத்தம்?”

“அவர்தான். கோபம் வந்தா பேச மாட்டார், தட்டுவார்.”

அந்தப் பெண் எழுந்து போய்ச் சுவரில் கை வைத்தாள். “ரூலோஃப், நான் மாரிட். எங்க மேல கோபமா?” என்று கேட்டாள். தட்டல் படபடவென்று வந்தது. இவ்வளவு பலம் மிச்சம் இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“சரி,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். “நாங்க தொந்தரவு பண்ணலை. நாளைக்குக் கையெழுத்துக்கு வரலைன்னு தரகர்கிட்ட சொல்லிடறோம்.”

வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். அழுதுகொண்டே போனாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிஸ்கட்டில் நான்கை ஒரு தாளில் சுற்றிக் கையில் கொடுத்தேன்.

அவள் போன பிறகு அவர் வெகு நேரம் தட்டினார். பிறகு இடைவெளி விட்டு. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது நின்றிருந்தது போல ஞாபகம். சரியாகச் சொல்ல முடியவில்லை, வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

யான்டினஸுக்குக் காது மந்தம். ஆட்டுக் கொட்டகைக்குப் போகும்போது காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சாப்பிட வரும்போதும் அது பையில்தான் இருக்கும். என் பேச்சிலிருந்து தப்பிக்க அவர் கண்டுபிடித்த வழி. முட்டைக்கோஸை மசித்துக்கொண்டே சொன்னார்:

“ரூலோஃப் திரை மூடியிருக்கே.”

“இருட்டப்போகுது. மூடாம என்ன பண்ணுவார்?” என்று அவர் காதருகில் கத்தினேன்.

அது சரி என்று தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார். பார்த்தீர்களா, நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் திரை விலகவில்லை. இந்த முறை நான் பத்து மணி வரை காத்திருக்கவில்லை. விடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அதற்காகப் பிறகு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். படிக்கட்டின் அடியில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். டாக்டர் வந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, பேச்சும் உடம்பில் ஒரு பக்கமும் போய், படியிலிருந்து விழுந்திருக்கிறார் என்றார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்.

“நேத்து காலைல வழக்கம்போல திரையை விலக்கினார்,” என்றேன்.

“அப்ப ராத்திரிதான் விழுந்திருக்கணும். ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டார்.”

“அதுவே ஆறுதல், டாக்டர்.”

என் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நானும் எதிர்வீட்டு ஆல்ட்ஜேயும் சேர்ந்து குளிப்பாட்டினோம். கறுப்புக் கோட்டுப் போட்டு, தலை வாரிவிட்டேன். வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. ஆல்ட்ஜே தண்ணீர் மாற்றப் போனபோது அந்தக் கையின் மேல் இடது கையை எடுத்து வைத்தேன். பார்ப்பதற்கு ஜெபம் செய்வது போல அழகாகவே இருந்தது. பிறகு வீடு வீடாகப் போய்ச் செய்தி சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். அத்தனை வீட்டுக்குள்ளும் ஒரே நாளில் போய்ப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை, குறை சொல்வதற்கில்லை.

அடக்கத்துக்கு மாரிட்டும் சான்டரும் வந்தார்கள். அவன் அன்றைக்குக் கறுப்புச் செருப்புப் போட்டிருந்தான். மாரிட் என் தோளில் சாய்ந்து, “நாங்க வீட்டைக் கேட்டு அவர் மனசைக் கஷ்டப்படுத்திட்டோம். அதனாலதான்” என்று விம்மினாள். அவள் முதுகைத் தடவி, “உங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா” என்றேன். அது சத்தியமான வார்த்தை.

ஹெர்மாவும் வந்தாள். பெட்டியை மூடுவதற்கு முன் அவர் அருகில் போய் நின்றாள். நர்ஸ் அல்லவா, கை சும்மா இருக்காது. இடது கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். இருந்தபடியே திரும்ப வைத்தாள்.

“அம்மா, நீ காலைல வாசல் பெருக்குவியே. புதன்கிழமை பெருக்கலையா?”

“பெருக்கினேனே.”

“ரெண்டு தடவையா?”

“எப்பவும் போலத்தான்டி.”

அடக்கம் முடிந்த காப்பிக்கு நிற்காமல் கிளம்பிவிட்டாள். மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறை, நான்தான் எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தேன்.

நீங்கள் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். கடிக்கப் பிடிக்கவில்லை என்றால் தட்டில் வைத்துவிடுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் இன்னும் நேராகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சரி. ரூலோஃப் என் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நான் கேட்டேன். சாவி என்னிடம் இருந்தது. காலையிலிருந்து இருட்டும் வரை நான் போகவில்லை. போகிறவளையும் போகவிடாமல் திருப்பி அனுப்பினேன். டாக்டரிடம் பொய் சொன்னேன். இவ்வளவுதான். நேராகச் சொன்னால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது பாருங்கள், ஒரு ரொட்டி சுடுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

வீடு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். கனடாக்காரன் வரவே இல்லை. அங்கிருந்தபடியே தரகருக்குச் சொல்லி, டென் ஹாகில் இருக்கும் ஒரு பல் டாக்டருக்கு விற்றுவிட்டான். அவர் கோடையில் இரண்டு வாரம் வருகிறார். வாய்க்காலைத் தூர் வாருவது யான்டினஸ்தான். ஹெர்மாவுக்காக நான் கேட்டபோது தரகர், “உங்க மகளே எழுதிட்டாங்களே, அவங்க பேர்ல யார் கேட்டாலும் வேணாம்னு” என்றார். தரகர்கள் ஆளை மாற்றிச் சொல்வது சகஜம்.

மாரிட்டும் சான்டரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊரில் வீடு வாங்கினார்கள். பெண் குழந்தை. அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுபோன திராட்சை ரொட்டி ரொம்பச் சின்னது என்று கேள்வி. ஆல்ட்ஜேயின் விதவை மருமகள் தபால்காரரைக் கட்டிக்கொண்டு மெப்பலுக்குப் போய்விட்டாள். ஹெர்மா ஒரு நார்வேக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு பெர்கனில் இருக்கிறாள். மிகச் சிறிய கல்யாணம் என்பதால் யாரையும் அழைக்கவில்லை, எண்பது பேர்தான். ஒரு பையன் பிறந்திருக்கிறான், தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றாம். யான்டினஸ் ஒவ்வொரு வசந்த காலத்திலும் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறார். அங்கே விருந்தினர் அறையில் ஒற்றைக் கட்டில்தான் போட முடியுமாம். இல்லாவிட்டால் என்னையும் கூப்பிட்டிருப்பாள்.